தூரத்து ஊருக்கு முதலில் போகும் வண்டி

பிரிவு உபசார விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். முப்பது வயதைத் தாண்டி ஓரிரு வருடமே ஆனவளுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். "ஓய்வு பெறும் நம் அக்கா" என்று ஒரு தம்பி மைக்கில் சொல்ல, கூட்டமே சிரித்தது. நான் ஓய்வு பெறவில்லை, சட்டம் படிக்கப் போகிறேன். ஆனால் களப்பணி என்ற அந்த வேலையிலிருந்து நிஜமாகவே விடைபெறுகிறேன். கல்லூரி முடித்த சூட்டில் நுழைந்து, என் இருபதுகள் முழுவதையும் அதில்தான் செலவழித்தேன்.

விழா முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். இனி விழிப்புணர்வு வகுப்புகள் பெரும்பாலும் கைப்பேசிக் காணொளியாகவே போகுமாம். "அதுக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்கக்கா" என்றார்கள். காணொளி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல காணொளிதான், நானே அதில் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு மில் வண்டி எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது அதில் வரவில்லை. அதை எழுதிவிடுகிறேன்.

நான் அம்மாபேட்டைக்காரி. வீட்டுக்குள்ளேயே தறி. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. கல்லூரியில் சமூகப்பணி படித்தபோது, குரலைக் குறைத்துப் பேசப் பழகு என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நல்லவேளை, பழகவில்லை.

சேர்ந்த இடம் ஒரு சிறிய தொண்டு அமைப்பு. ராசிபுரம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் பாலியல் வன்முறையைத் தடுக்க மக்களிடம் பேசுவது எங்கள் வேலை. ஒருங்கிணைப்பாளர் பரிமளா மேடம். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். ஆத்தூர்ப் பக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுகடலை இருக்கும். கோபம் வந்தால் அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கடிப்பார். வேகமாகக் கடித்தால் நாங்கள் எழுந்து வெளியே போய்விடுவோம். ஸ்கூட்டி ஓட்டுவதில் மட்டும் பயங்கரம். பின்னால் உட்கார்ந்து போன அத்தனை வருடங்களுக்கும் நான் எல்லா மாரியம்மனுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வாரம் துண்டறிக்கை எழுதச் சொன்னார். ஒரே இரவில் எழுதி முடித்து, பெருமையோடு நீட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'தனியாகச் செல்லாதீர்கள்', அடித்தார். 'அறிமுகமில்லாதவர்களிடம் பேசாதீர்கள்', அடித்தார். 'பெண்கள் எச்சரிக்கையாக', முழுவதும் படிக்கவே இல்லை, அடித்தார். கடைசியில் எங்கள் அமைப்பின் பெயர் மட்டும்தான் மிஞ்சியது.

"இதுல அவனுக்கு என்ன சொல்லியிருக்கே?" என்றார்.

"எவனுக்கு மேடம்?"

"தப்புப் பண்றவனுக்கு. அப்புறம் பக்கத்துல நின்னு பாக்குறாங்களே, அவங்களுக்கு. உஷாரா இருன்னு பொண்ணுங்களுக்குப் பொறந்ததிலிருந்து எல்லாரும்தான் சொல்றாங்க. அதைச் சொல்ல நமக்கு எதுக்குச் சம்பளம்?"

கடலையை மெதுவாகத்தான் கடித்தார். அதனால் தைரியம் வந்து மறுபடி எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரியும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்றே இருந்தது. எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் துண்டறிக்கையோடு ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். கோயில் மண்டபம், மைக், ஜமுக்காளம். ஆண்கள் 'இது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று எழுந்து போவார்கள். பெண்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். கேள்வி உண்டா என்றால், "ரேஷன் கார்டுல மருமவ பேரச் சேக்கோணும், அது எப்பங்க?" என்று ஒரு குரல் வரும். இளம்பெண்கள் வரவே மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் அந்த நேரத்தில் மில்லில் இருப்பார்கள், இல்லாவிட்டால் மில்லுக்குப் போகும் வண்டியில்.

வண்டியில் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மில்லில் மேஸ்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும், வீட்டில் அடுப்புக்கு. வண்டி ஓடும் நேரம் மட்டும்தான் அவர்களுக்கே சொந்தம். "வண்டியிலேயே வகுப்பு எடுத்தா என்ன மேடம்?" என்று கேட்டேன். பரிமளா மேடம் கடலையைக் கீழே வைத்துவிட்டு அன்றே மில் மேலாளரைப் பார்த்து அனுமதி வாங்கிவிட்டார்.

முதல் நாள் காலையில் ஏறி, எல்லோரும் ஏறி முடித்த பிறகு பேச வாயைத் திறந்தேன். மில்லுக்குப் பக்கத்துக் காலனியில் கடைசியாக ஏறும் பாப்பாத்தி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, ஸ்பீக்கர முழுங்கிப் போட்டு வந்துட்டீங்களா? ஏற்கெனவே இந்த வண்டியில ஒண்ணு கத்துதுங்க."

உண்மைதான். ஓட்டுநர் பழனிசாமி அண்ணன் பாட்டை எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைப்பார். இருக்கை எல்லாம் அதிரும். "பாட்டைக் கொஞ்சம் குறைங்கண்ணா" என்பது என் தினசரி முதல் வாக்கியம் ஆனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, போனால் போகிறது என்று குறைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

சில நாட்கள் சும்மாவே போனேன். தூங்குகிறவர்களைத் தூங்கவிட்டேன். பூத்தொடுக்கக் கற்றுக்கொண்டேன், இன்றும் எனக்கு வராது. பிறகு ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தேன். "பஸ்ல ஒரு பொண்ணு மேல ஒருத்தன் வேணும்னே உரசறான். நீங்க பக்கத்துல இருக்கீங்க. என்ன பண்ணுவீங்க?"

"செருப்பக் கழட்டிருவேன்" என்றார் ஒருவர்.

"நீ? போன வாரம் கரப்பானுக்கே சீட்டு மேல ஏறி நின்னே!" என்றது பின் இருக்கை. வண்டியே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பாப்பாத்தி அக்கா சொன்னார்: "அடிக்கறதெல்லாம் அப்புறமேல்ட்டு. நான் அந்தப் புள்ளயப் பாத்து, 'இங்க வா சாமி, எம்பக்கம் உக்காரு'ம்பேன். அது வந்துருமில்ல? அவனுக்கும் தெரிஞ்சு போயிருமில்ல, ஒருத்தி பாத்துட்டான்னு."

எங்கள் பயிற்சிக் கையேட்டில் பக்கம் பக்கமாக இருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று அன்றைக்குத் துள்ளினேன். பரிமளா மேடமும் துள்ளினார், அதாவது ஒரு கடலை கூடுதலாகச் சாப்பிட்டார். அதன் பிறகு 'இங்க வா சாமி' எங்கள் எல்லா ஊர்க் கூட்டங்களிலும் ஒலித்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், தூரத்து ஊரில் முதலில் ஏறும் பெண்ணின் இடம் காலியாக இருந்தது. மறுநாளும் காலி. அவளை இங்கே மேகலா என்று அழைக்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ற பேர வேண்டாங்கக்கா, நல்லதா ஒண்ணு நானே வெக்கறேன்" என்று அவளே தேர்ந்தெடுத்த பெயர் இது. பத்தொன்பது வயது. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, தபால் வழியில் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் பேசறாங்களாமா" என்றார் ஒருவர். மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். எதையோ சொல்லாமல் விடும் அந்தப் பார்வையை எங்கள் வேலையில் இருப்பவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

வீட்டுக்குப் போகும்போது நாங்கள் கடைப்பிடித்த முறையைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட வேண்டும், தெருவுக்குச் சேதி போகக்கூடாது. அந்தப் பெண்ணுக்கும் வாசலுக்கும் நடுவே உட்காரக் கூடாது, எழுந்து போக நினைத்தால் அவளுக்கு வழி இருக்க வேண்டும். அவள் பேசும்போது எழுதக் கூடாது. 'ஏன் அப்பவே சொல்லல' என்ற கேள்வி வாய்வரைக்கும் வரும், விழுங்கிவிட வேண்டும்.

மேகலாவின் அம்மா முற்றத்தில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பரிமளா மேடம் என்னைப் பார்த்த பார்வையில் புரிந்துகொண்டு, நான் அம்மாவோடு உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தேன். மேடம் ஆட்டுப்பட்டிப் பக்கம் மேகலாவோடு நடந்தார். நெடுநேரம் இருவரும் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேகலா தானாகவே என்னையும் கூப்பிட்டாள்.

மாலையில் வண்டி மில்லிலிருந்து கிளம்பினால் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் இறங்குவார்கள். காலையில் முதலில் ஏறியவள் மாலையில் கடைசியாக இறங்குவாள். ஊர்களின் வரிசை அப்படி. மில்லின் மேஸ்திரி ஒருவன், காலையில் யாருடைய பைக்கிலோ போய்விடுகிறவன், மாலையில் மட்டும் இதே வண்டியில் திரும்புவான். அவன் ஊர் மேகலாவின் ஊருக்கும் அப்பால். ஆகவே கடைசித் துண்டுச் சாலையில் வண்டிக்குள் அவனும் அவளும் ஓட்டுநரும் மட்டும்தான். முன் இருக்கையிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தான். பிறகு கை வைத்தான். தள்ளினாள். கத்தினாள். பாட்டுச் சத்தம்.

"டிரைவரண்ணன் திரும்பலீங்கக்கா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "நாளையிலிருந்து போவாத கண்ணு" என்றார். அப்பா ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். போனில், "வேலைய உட்டுட்டு ஊட்ல இரு சாமி, நான் வந்து மாப்பிள்ள பாக்கறேன்" என்றார். யாரும் அவளைத் திட்டவில்லை. அத்தனை பேரும் பாசமாகச் சேர்ந்து அவளை வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் தினமும் அதே வண்டியில் சன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"உனக்கு என்ன வேணும்?" என்று மேடம் கேட்டார்.

"நான் வண்டியில போவோணுங்க" என்றாள் மேகலா. "அவந்தான் எறங்கோணும்."

அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெளிவாக வேண்டியிருக்கவில்லை. மில்லின் உள்ளகப் புகார்க் குழு, மகளிர் காவல் நிலையம், இரண்டும், அல்லது இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பது, எல்லா வழிகளையும் மேடம் ஒரே குரலில், எதையும் தூக்கிப் பிடிக்காமல் சொன்னார். முடிவு உன்னுடையது, எதுவானாலும் கூட வருவோம் என்றார். முதலில் மில்லில் புகார் என்று அவள் முடிவு செய்தாள். "சாட்சி கேப்பாங்களாங்க?" என்றாள்.

"சாட்சி இல்லேன்னாலும் உன் வார்த்தை வார்த்தைதான். இருந்தா பலம்."

எனக்கு அப்போதே பழனிசாமி அண்ணனின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. திரும்பும் வழியில் ஸ்கூட்டியில் அதையே கத்திக்கொண்டு வந்தேன். மேடம் வண்டியை ஓரம் கட்டினார். "அவரு ஒப்பந்த வண்டிக்காரரு. அந்த மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னா அவர் பொழப்பு போயிடும். நீ போய்க் கத்தினா அவர் இன்னும் சத்தமாப் பாட்டு வைப்பாரு. ஒரே ஒரு கேள்வி கேளு. கேட்டுட்டு சும்மா இரு. உன்னால முடியுமா?"

முடியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுடைய பெயரை எடுக்காமல், புகாரைப் பற்றி மூச்சு விடாமல், ராசிபுரத்து டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "கடைசி ஸ்டாப் வரைக்கும் வண்டியில எல்லாம் சரியா இருக்காண்ணா?"

"நான் ரோட்டப் பாத்து ஓட்டறவனுங்க" என்று டீயை ஊதினார். நான் சும்மா இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை வண்டியில் மேஸ்திரி இருக்கமாட்டான் என்பதால், காலனியில் கடைசி ஆளும் ஏறியதும் அன்றைய கேள்வியைப் போட்டேன். "சாயங்காலம் இந்த வண்டியில கடைசியா எறங்கறவங்க கூட யார் இருப்பாங்க?"

எல்லோருக்கும் தெரிந்த வழி, எல்லோருக்கும் தெரிந்த வரிசை. அதை யாரும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை, நான் உட்பட. பிறகு ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "மொதல்ல தூரத்து ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப எங்கள எறக்கி உட்டா, யாரும் தனியா இருக்க மாட்டாங்கல்ல?"

உடனே வண்டி சந்தைக்கடை ஆகிவிட்டது.

"அப்ப நான் எப்ப மாடு கறக்கறது? சொசைட்டிக்காரன் காத்திருப்பானா?"

"உன்ற மாமியாளுக்குக் கை இல்லியா?"

"அதுக்குக் கை இருக்குது, மாடுதான் அதப் பாத்தா ஒதைக்குது!"

"எங்க தெருவுல அந்நேரம்தான் தண்ணி வருங்க."

இதில் அதிகம் இழப்பவர் பாப்பாத்தி அக்கா. மில்லுக்கு மிக அருகில் வீடு. முதலில் இறங்கிக்கொண்டிருந்தவர் இனி கடைசியாக இறங்க வேண்டும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுப்பு கொஞ்சம் பொறவு பத்துனா ஊடு இடிஞ்சு போயிராது. என்ற ஊட்டுக்காரருக்கு ஒல வெக்கத் தெரியாதா என்ன?"

"தெரியாதுக்கா! போன நோம்பிக்குச் சோத்தக் கருக்குனாரே, தெருவே மணத்துச்சே!"

"கருக்கட்டும். தின்னு பழகட்டும்" என்றார் பாப்பாத்தி அக்கா. "அந்தக் கடேசி ரோட்டுல ஒரு புள்ள தனியாப் போறத நானும் இத்தன நாளா நெனச்சுக்கூடப் பாக்கலியே. நாங்க காலனிக்காரிய ரெண்டு பேரு ஒண்ணாத்தான் எறங்குவோம், எங்களுக்கென்ன பயம்?"

அப்போதுதான் பாட்டு நின்றது. குறைக்கவில்லை, நிறுத்திவிட்டார். பழனிசாமி அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சுத்து அதே சுத்துதானுங்க. நான் எப்படியும் காலி வண்டியாத்தான் திரும்பறேன். டீசல் கூட ஆவாது. இன்னிக்கே போலாம்."

மில் வாசலில் எல்லோரும் இறங்கிப் போனபின் நான் மட்டும் இருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"நான் கண்ணாடியில பாத்தனுங்க" என்றார். "பாட்ட ஏத்தி வெச்சது நாந்தான். காதுல உளுந்தா எதாச்சும் கேக்கோணுமே, அதுக்குத்தான். நீங்க தெனமும் கொறைங்க கொறைங்கன்னு, இவிய பேசறதெல்லாம் என்ற தலைக்குள்ள வந்து உக்காந்துக்குச்சு. 'இங்க வா சாமி, எம்பக்கம் உக்காரு'ன்னு அந்தக்கா சொன்னாங்கல்ல? நானும் சொல்லியிருக்கலாம். முன் சீட்டு காலியாத்தானே இருந்துச்சு. அந்த ஒரு வார்த்த வாயில வரலீங்களே."

நாங்கள் அந்த வண்டியில் எத்தனையோ வகுப்பு நடத்தியிருக்கிறோம். அத்தனையிலும் கலந்துகொண்ட ஒரே ஆணை ஒரு தடவைகூட நாங்கள் கேள்வி கேட்கவில்லை. பெண்களிடம் பேசுகிறோம் என்று பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தோம். பரிமளா மேடத்திடம் இதைச் சொன்னபோது கடலைப் பொட்டலத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஓட்டுநர்களுக்கென்றே தனியாகக் கூட்டம் நடத்த ஆரம்பித்தோம்.

மேகலா புகாரைத் தன் கையெழுத்தில் எழுதினாள். நாங்கள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. விசாரணை முடியும்வரை மேஸ்திரி வண்டியில் ஏறக்கூடாது என்று குழு முதல் நாளே சொல்லிவிட்டது. பழனிசாமி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பார்த்ததைச் சொன்னார். அவருடைய ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியபோது, 'இந்த வண்டி இல்லீன்னா நாங்க வரல' என்று பெண்கள் மேலாளர் அறை வாசலில் போய் நின்றார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மேஸ்திரி வேலையை இழந்தான். காவல் நிலையத்துக்குப் போவது என்று மேகலா பிறகு தானாகவே முடிவெடுத்தாள். அம்மாவும் கூடப் போனார். அந்த வழக்கைப் பற்றிப் பேசுவது அவள் உரிமை, நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் திரும்பி வந்த காலையில் நான் வண்டியில் இருந்தேன். அம்மா நிறுத்தம்வரை வந்து, அவள் முடியில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். வண்டி நின்றதும் பழனிசாமி அண்ணன் பாட்டை அணைத்தார். எப்போதும் கடைசியில் ஏறுகிற பாப்பாத்தி அக்கா, அன்றைக்கு மட்டும் மேகலாவின் ஊருக்கும் அப்பால் இருக்கும் தங்கை வீட்டில் தங்கி, அங்கிருந்தே வண்டி பிடித்து, முன்னால் போய் இடம் போட்டு வைத்திருந்தார்.

"இங்க வா சாமி, எம்பக்கம் உக்காரு."

மேகலா உட்கார்ந்தாள். வழியெல்லாம் அக்கா குறட்டை விட்டுத் தூங்கினார்.

எனக்குக் கிடைத்த மேலதிகாரியை நினைத்தால், கிடைத்த வண்டியை நினைத்தால், நன்றி என்ற சொல் சின்னதாகத்தான் இருக்கிறது. துண்டறிக்கையை அடித்துத் தள்ளிய அந்தச் சிவப்புப் பேனாவுக்கு நன்றி. தண்ணீர் பிடிக்கும் நேரத்தை விட்டுக் கொடுத்தவளுக்கு, உதைக்கும் மாட்டைக் கறக்கப் பழகிய அந்த மாமியாருக்கு, கருகிய சோற்றைத் தின்ற ஊட்டுக்காரருக்கும்கூட.

போன வாரம் கடைசியாக ஒருமுறை அந்த வண்டியில் போனேன். மாலை நேரம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில். மில்லுக்கு அருகேயே வீடாம். வண்டி அவள் தெருவைத் தாண்டி ஓடவும் பதறிப்போய் எழுந்துவிட்டாள்.

"அக்கா, எங்க ஸ்டாப்பு போயிருச்சுங்க! ஏன் சுத்திக்கிட்டுப் போவுது?"

பாப்பாத்தி அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "உக்காரு சாமி. இந்த வண்டி தூரத்து ஊருக்குத்தான் மொதல்ல போவும். எப்பவுமே அப்படித்தான்."

"எப்பவுமேங்களா?"

முன் இருக்கையில் பாடப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த மேகலா திரும்பி, என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"ஆமா. எப்பவுமே."